பழைய கார்களின் உள்ளணிகளும் காலக்கணிப்பும்: மயிலிட்டியை முன்வைத்து ஒரு நோக்கு

பிரித்தானியாவில் 1950களிற் செய்யப்பட்ட சிறு கார்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளிலே பல தசாப்தங்களாக ஓடின. ஒஸ்ரின் ஏ 40 சோமசெற், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியன தாம் பிறந்த நாட்டில் அருங்காட்சிப் பொருள்களாகிவிட்ட பின்னரும், இங்கு மணமக்களையும் நோயாளரையும் பயணிகளையும் சுமந்து திரிந்தன. இவற்றை நினைவுப் பொருள்களாகக் கண்டு நெகிழ்வது எளிது. வரலாற்றுச் சான்றாகக் கொண்டு படிப்பதற்கோ ஒரு முறை வேண்டும். அம்முறை எவ்வாறு அமைதல் கூடும் என்பதையும், அதனைக் கையாளாவிடின் குடாநாட்டு வரலாறு எதனை இழக்கும் என்பதையும் மயிலிட்டிப் பகுதியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சிக்குக் காரின் உட்புறமே ஏற்ற களமாகும். வெளியுடல் பலமுறை வண்ணம் பூசப்பெறும், இயந்திரம் மாற்றப்படும், சக்கரங்கள் தேய்ந்து கழியும். உட்புறத்திலோ ஒவ்வோர் உரிமையாளரும் தத்தம் வசதிக்கும் விருப்புக்கும் ஏற்பச் சேர்த்தவை அடுத்தடுத்து நிலைத்துவிடுகின்றன. ஆசன உறை, வானொலி, மணிக்கூடு, மேலதிக மானி, சிறு மின்விசிறி, சுக்கான் உறை, தரைவிரிப்பு, சாமி படம் எனப் பலவாறாக விரியும் இப்பொருள்கள் இங்கு உள்ளணிகள் எனப்படுகின்றன. 1970இற் கந்தரோடையில் அகழ்வு நடத்தியோர் மண்ணடுக்கின் வரிசை கொண்டு காலத்தைக் கணித்தனர். காரின் உட்புறமும் அத்தகைய அடுக்குகளைக் கொண்டதே. ஆயின் அங்கு மேலடுக்கும் கீழடுக்கும் ஒரே பலகையில் அருகருகே நிற்றலால் அவற்றைப் பிரித்தறிதல் சற்றுக் கடினமாகின்றது.

மயிலிட்டியும் மோட்டார் வாகனமும்

மயிலிட்டி வலிகாமம் வடக்கிலே, காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே கடலை நோக்கி அமைந்த ஊராகும். வடபகுதியின் முதன்மையான மீன்பிடித் துறைகளுள் அது ஒன்றாய் விளங்கியது. அதன் ஒரு புறத்தே, 1905இல் இருப்புப்பாதை வந்தடைந்ததும் 1950இற் சீமெந்துத் தொழிற்சாலை அமைந்ததுமான காங்கேசன்துறை இருந்தது. மறுபுறத்தே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைக்கப்பட்ட பலாலி விமானத்தளம் இருந்தது. 1947 டிசெம்பரில் ஏயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணமே இரத்மலானையிலிருந்து இத்தளத்தின் வழியாகச் சென்னைக்கு இடம்பெற்றது. மயிலிட்டியிலோ காசநோயாளருக்கான மருத்துவமனை இருந்தது. துறைமுகம், தொழிற்சாலை, விமானத்தளம், மருத்துவமனை என்னும் நான்கும் சில மைல் தூரத்துள் அமைந்த ஒரு பிரதேசத்தில் வாடகைக் காருக்குத் தேவை மிகுந்திருத்தல் இயல்பே.

இத்தேவையை நிறைவேற்றிய கார்கள் எக்காலத்தன என்பதை நாட்டின் பொருளாதார வரலாறே வரையறை செய்தது. சோமசெற் 1952 முதல் 1954 வரை உற்பத்தியானது. மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமாகி 1971 வரை நீடித்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பின்னரே அது பெரிதும் தளர்ந்தது. எனவே புதிய காரை வாங்கும் வாய்ப்பின்றி, உள்ள காரையே காத்துப் பேணும் நிலை ஒரு தலைமுறைக் காலம் நிலவியது. பேணுதல் என்பது மாற்றுதலும் சேர்த்தலும் ஆகும். உள்ளணிகள் பெருகிய பின்னணி இதுவே.

ஐவகை உள்ளணிகள்

பழைய கார்களின் உள்ளணிகளை வகைப்படுத்தும் பழக்கம் சிறப்பாகப் பந்தயப் பாங்கான இரு ஆசனக் கார்களைப் பேணுவோரிடையே வளர்ந்தது. எம்.ஜி., ஒஸ்ரின்–ஹீலி ஆகிய கார்களைச் சேகரிப்போர், ஒரு காரிலுள்ள பொருள் தொழிற்சாலையில் இருந்தே வந்ததா, பிறர் பின்னர் பொருத்தியதா என்பதனைக் கூர்ந்து ஆராய்வர். காரின் விலைமதிப்பு பெரும்பாலும் இதனைப் பொறுத்தே அமையும். 1958இல் வெளிவந்த ஒஸ்ரின்–ஹீலி ஸ்பிறைற் இங்கு நினைக்கத்தக்கது. அச்சிறு பந்தயக் காரின் இயந்திரம் ஒஸ்ரின் ஏ 35 காரினது. சுக்கான் பொறி மொறிஸ் மைனரினது. மானிகளையும் மின்கருவிகளையும் வழங்கிய நிறுவனங்களும் பெரும்பாலும் அவையே. ஆகவே சேகரிப்போர் வகுத்த முறை நம்மூர் வாடகைக் காருக்கும் பொருந்துவதில் வியப்பில்லை.

அம்முறையை விரித்து நோக்கின் உள்ளணிகள் ஐவகைப்படும். முதலாவது, எல்லாக் கார்களுக்கும் தொழிற்சாலையிற் பொருத்தப்பட்டவை. இரண்டாவது, வாங்குவோர் மேலதிக விலை கொடுத்துத் தெரிவு செய்த, உற்பத்தியாளரே வழங்கியவை; ஸ்பிறைற் காரில் இயந்திரச் சுழற்சிமானியும் வெப்பமூட்டியும்கூட இவ்வகையின. மூன்றாவது, கார் புதிதாயிருந்த காலத்திலேயே பிற நிறுவனங்கள் செய்து கடைகளில் விற்றவை. நான்காவது, பிற்காலத்து இறக்குமதிகள். ஐந்தாவது, உள்ளூர்ப் பட்டறையிலும் தையற்கடையிலும் ஆக்கப்பட்டவை.

சேகரிப்போரின் மதிப்பு பெரும்பாலும் மூன்றாம் வகையோடு நின்றுவிடும். நான்காவதும் ஐந்தாவதும் அகற்றப்பட வேண்டிய குற்றங்களாகவே கருதப்படும். வரலாற்று மாணவனுக்கு இவ்வரிசை பொருந்தாது. முதல் மூன்று வகைகளும் பேர்மிங்காமிலும் ஒக்ஸ்போட்டிலும் நடந்ததைக் கூறுவன. பின்னிரண்டுமே மயிலிட்டியிலும் தெல்லிப்பழையிலும் நடந்ததைக் கூறுவன.

காலங் கணிக்கும் வழிகள்

முதலில் காரின் காலத்தை நிலைநிறுத்துதல் வேண்டும். இலங்கையில் இதற்குப் பதிவெண் கைகொடுக்கின்றது. 1957க்கு முற்பட்ட பதிவுகள் ஆங்கில எழுத்துகளைக் கொண்டன. அவ்வாண்டு முதல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பதிவெண்ணில் இடம்பெற்றது. அதனை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி 1957இலும் 1958இலும் நடத்திய இயக்கம் அரசியல் வரலாற்றில் நன்கறியப்பட்டது. ஆகவே பதிவெண் பலகை காலக்குறியாகவும் அரசியற் சான்றாகவும் ஒருங்கே அமைகின்றது. எம்.ஜி. முதலிய கார்களுக்கு, இங்கிலாந்தின் கேடனிலுள்ள மோட்டார் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள உற்பத்திப் பதிவேடுகளைக் கொண்டு சான்றிதழ் வழங்குகின்றது. காரின் உற்பத்தி நாளும் அனுப்பப்பட்ட இடமும் தொழிற்சாலையிற் பொருத்திய மேலதிகப் பொருள்களும் அதனால் தெரியவரும்.

அடுத்து, காரின் மூல அமைப்பை அறிதல் வேண்டும். 1954 ஒக்ரோபரின் பின் வந்த மொறிஸ் மைனரில் முகப்புப் பலகையின் நடுவே ஒரே பெரிய வட்டம் இருந்தது. வேகமானியும் எரிபொருள்மானியும் எச்சரிக்கை விளக்குகளும் அதனுள் அடங்கின. எனவே அக்காரில் மின்னோட்டமானியோ எண்ணெயழுத்தமானியோ வெப்பமானியோ தனியே காணப்படின் அது சேர்க்கப்பட்டதே என்பது ஐயமின்றிப் பெறப்படும். மூல அமைப்பை அறியாதவன் சேர்க்கையை அறியான்.

மூன்றாவதாகப் பொருளின்மீதுள்ள குறிகளைப் படித்தல் வேண்டும். லூக்காஸ் நிறுவனத்தின் மின்கருவிகள் பலவற்றில் மாதமும் ஆண்டும் எண்களாகப் பொறிக்கப்பட்டன. ‘3 57’ என்பது 1957 மார்ச்சைக் குறிக்கும். சிமித்ஸ் நிறுவனத்து வேகமானியின் முகப்பில் நுண்ணெழுத்திற் காணப்படும் ஓர் எண், ஒரு மைலுக்கு வேகமானிக் கம்பி எத்தனை தடவை சுழலும் என்பதைத் தெரிவிக்கும். அவ்வெண் அக்காருக்குரியதாயில்லையெனின் வேகமானி வேறொரு காரிலிருந்து எடுக்கப்பட்டதாகும்.

இங்கு ஒரு நுட்பம் மறக்கற்பாலதன்று. பொருளில் உள்ள ஆண்டு அது செய்யப்பட்ட ஆண்டே, பொருத்தப்பட்ட ஆண்டன்று. 1957இற் செய்த மானி 1957க்கு முன் பொருத்தப்பட்டிருக்க இயலாது. 1975இல் உடைந்த காரொன்றிலிருந்து கழற்றி மற்றொன்றிற் பொருத்தப்பட்டிருக்க இயலும். பொருத்திய காலத்தை அறிய அதன் அடியிலுள்ள தடயத்தையே நாடுதல் வேண்டும். தாங்கியைக் கழற்றிப் பார்க்குமிடத்து, அதனடியில் தொழிற்சாலை வண்ணமும் அதனைச் சூழப் பிற்கால வண்ணமும் காணப்படின், மறுவண்ணம் பூசுமுன்பே அப்பொருள் அங்கு இருந்தது என்பது தெளிவு. அடியிலும் மறுவண்ணமே இருப்பின் அது பின்னர் வந்தது.

திருகாணிகளும் பேசும். பழைய பிரித்தானிய மரைகள் பல்வேறு அளவுகளின. 1948இற் பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும் கனடாவும் பொது மரை முறையொன்றை ஏற்றபின் 1950களில் அது கார்களிற் படிப்படியாகப் பரவியது. மில்லிமீற்றர் மரையுடைய திருகாணியால் ஒரு பொருள் பொருத்தப்பட்டிருப்பின், அது யப்பானிய வாகனங்களும் பொருள்களும் பெருகிய பிற்காலத்து வேலை எனக் கருத இடமுண்டு.

வானொலி தனித்த கவனத்துக்குரியது. 1950களின் கார் வானொலிகள் வால்வுகளைக் கொண்டவை. மின்னழுத்தத்தை உயர்த்தும் பகுதி பெரும்பாலும் வேறொரு பெட்டியில் இருந்தது. சிமித்ஸ் நிறுவனத்தோடு தொடர்புடைய றேடியோமொபைல் இத்துறையிற் புகழ்பெற்றது. நீளலையும் மத்திய அலையும் மட்டும் கொண்ட வானொலி பிரித்தானியச் சந்தைக்கெனச் செய்ததாதல் கூடும். நீளலையால் இலங்கையிற் பயனில்லை. மற்றொரு குறிப்பும் உண்டு. அக்காலத்து பிரித்தானியச் சிறு கார்களில் மின்கலத்தின் நேர்முனையே காரின் உலோக உடலோடு இணைக்கப்பட்டது. பிற்கால யப்பானிய வானொலிகளோ எதிர்முனை இணைப்பை வேண்டின. அத்தகைய வானொலி ஒரு சோமசெற்றில் இயங்கியதெனின் காரின் மின்னமைப்பே திருப்பி அமைக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஒலிநாடாக் கருவியைப் பற்றி ஐயமே எழாது. சிறுபேழை ஒலிநாடா 1963இலேயே அறிமுகமானது. 1954ஆம் ஆண்டுக் காரில் அது என்றும் பின்வரவே.

துணியும் தோலும் இவ்வாறே சான்று பகரும். றெக்சீன் என்பது முதலிற் பருத்தித் துணிமீது நைத்திரோ செலுலோசுப் பூச்சிட்டுச் செய்த செயற்கைத் தோலின் வணிகப் பெயர். பின்வந்த பிளாத்திக்குப் பூச்சுத் துணிகளையும் நம்மவர் அப்பெயராலேயே அழைத்தனர். பழைய பூச்சு வெடித்து உதிரும். பிந்தியது நீண்டு தொய்யும். தைத்த நூலும் காட்டிக்கொடுக்கும். நூலின் பிசிறொன்றைத் தனியே எடுத்துச் சுடரிற் காட்டின் பருத்தி எரிந்து சாம்பலாகும். நைலோன் உருகி மணியாகத் திரளும்.

மயிலிட்டி போன்ற கடற்கரை ஊர்களிலே உப்புக் காற்றும் ஆராய்ச்சியாளனுக்கு உதவுகின்றது. மேலே குரோமியம் பூசிய உலோகங்கள் யாவும் புதிதில் ஒன்றுபோலவே மின்னும். உப்பு ஈரம் பட்டபின் அவை தம் இயல்பைக் காட்டும். பித்தளை பச்சைக் களிம்பு பூக்கும், நாகக் கலப்புலோக வார்ப்பு கொப்புளித்து வெண்புள்ளி கொள்ளும், இரும்பு செந்துருவேறும். நாக வார்ப்பு பெருந்தொகை உற்பத்திக்குரியது. கையால் வெட்டி அரத்தால் தேய்த்த பித்தளைத் துண்டு பட்டறை ஒன்றின் ஆக்கமாதல் பெரும்பாலும் உறுதி.

தடைகளின் தடயங்கள்

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. அம்மாத நடுப்பகுதியில் மயிலிட்டி மக்கள் தம் ஊரைவிட்டு நீங்கினர். கையில் எடுத்தவை தவிர ஏனைய யாவும் அங்கேயே நின்றன. அதன்பின் ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. குடாநாட்டுக்கு எரிபொருளும் மின்கலங்களும் உதிரிப்பாகங்களும் செல்வது தடுக்கப்பட்டது.

இக்காலத்திலேதான் பழைய கார் தன் மதிப்பை நிலைநாட்டியது. அதற்குக் காரணம் அதன் பொறியமைப்பே. 1950களின் இயந்திரங்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆதலால் சில துளி பெற்றோலால் இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டுதல் இயன்றது. புகை மிகுந்தது, இயந்திரத்திற் கரி படிந்தது, எனினும் கார் ஓடியது. மின்கலம் வலுவிழந்தாலும் முன்புறத்தே கைப்பிடியைச் செருகிச் சுழற்றி இயக்கலாம். மின்னணு உறுப்பு ஏதுமில்லை. திருத்துதற்குச் சுத்தியலும் சாவியும் கடைசற் பட்டறையும் போதுமாயின. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் பெருந்தொகையினராய்த் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த காலத்தும் குடாநாட்டின் வாகனங்கள் இந்நிலையிலேயே இருந்தன.

இதே தசாப்தத்தில் இலங்கையிற் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் உடற்பகுதிகள் இங்கிலாந்திலுள்ள கார்ப்பிரியருக்காக ஏற்றுமதியாயின என்பதையும் உடன்வைத்து நோக்குதல் தகும். ஒரே நாட்டின் ஒரு பகுதியில் மைனர் ஏற்றுமதித் தொழிலாகவும், மற்றொரு பகுதியில் உதிரிப்பாகமின்றி மண்ணெண்ணெயில் ஓடும் வாழ்வாதாரமாகவும் இருந்தது.

இத்தகைய காலத்தின் தடயங்களைத் தேடும்போது ஐந்தாம் வகை உள்ளணிகளின் பொருள் விளங்கும். எரிபொருளை மாற்றுதற்கான சிறு அடைப்பான், ஆசனத்துள் இரப்பர் நுரைக்குப் பதிலாக அடைத்த தென்னந்தும்பு, உடைந்த கைப்பிடிக்கு மாற்றாகக் கடைந்த மரக்குமிழ், வேறு வாகனத்தினின்றும் பெற்ற ஆளி ஆகியன பார்வைக்கு அழகற்றவை. ஆயினும் இவை பொருளாதாரத் தடை என்னும் சொல்லுக்குக் கைதொட்டறியக்கூடிய விளக்கமாகும்.

இம்முறையைப் பயன்படுத்தும் விதத்தை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் தெளிவாக்கலாம். 1955இற் பதிவான ஒரு மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்க. அதில் 1956ஆம் ஆண்டுக் குறியுடைய லூக்காஸ் கருவியொன்று உண்டு. அதன் தாங்கியடியில் மூலவண்ணம் காணப்படுகின்றது. அது மூன்றாம் வகையினது. வளமான காலத்தில் முதல் உரிமையாளர் விரும்பி வாங்கியது. ஒலிநாடாக் கருவியொன்று மில்லிமீற்றர் திருகாணிகளாற் பொருத்தப்பட்டுள்ளது. அது பெரும்பாலும் 1977இன் பின் இறக்குமதி தளர்ந்ததைச் சுட்டுகின்றது. முன்னாசனத்துள் தும்பு; அதன் உறை நைலோன் நூலால் கைத்தையல். முகப்புப் பலகையின்கீழ் அடைப்பானொன்றின் எச்சம். அது 1990களைச் சுட்டுகின்றது. ஆக, அந்நான்கடி அகலப் பலகையில் இறக்குமதி வளம், கட்டுப்பாடு, தளர்வு, முற்றுகை என நான்கு காலங்கள் வரிசையாக நிற்கின்றன. குடாநாட்டின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுவோன் தேடும் வரிசையும் இதுவேயாகும்.

மீட்பும் அழிப்பும்

2002இன் போர்நிறுத்தத்தோடு ஏ 9 வீதி திறக்கப்பட்டது. 2006இல் மூடப்பட்டு 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய வாகனங்கள் பெருகின. பழைய கார் தொழிற்கருவி என்னும் நிலையிலிருந்து சேகரிப்புப் பொருள் என்னும் நிலைக்கு மாறியது. சேகரிப்போர் கைக்கு வரும் கார் புதுப்பிக்கப்படும். புதுப்பித்தல் என்பது பெரும்பாலும் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் தோற்றத்துக்குத் திருப்புதலே. மூல வடிவத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்யப்பட்ட ஆசன உறைகளும் குமிழ்களும் இப்போது எளிதிற் கிடைக்கின்றன. அவை பொருத்தப்பட, தும்பும் மரக்குமிழும் குப்பைக்குச் செல்கின்றன. கார் அழகு பெறுகின்றது. அதன் யாழ்ப்பாண வாழ்வு அழிந்துபோகின்றது.

இதற்காகப் புதுப்பித்தலையே தடுத்தல் இயலாது, வேண்டுவதுமில்லை. உரிமையாளருக்குத் தம் பொருளைச் செம்மை செய்யும் உரிமை உண்டு. ஆயின் கழற்றுமுன் பதிவு செய்தல் வேண்டும். உட்புறத்தை எல்லாப் பக்கத்தினின்றும் படமெடுத்தல், ஒவ்வொரு பொருளின் குறியையும் திருகாணியையும் அடித்தடயத்தையும் எழுதிவைத்தல், கழற்றியவற்றைப் பெயரிட்டுப் பேணுதல், முதிய சாரதிகளிடமும் பட்டறையாளரிடமும் கேட்டறிதல் ஆகியன பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. வரலாற்றுத் துறை மாணவர் விடுமுறை ஒன்றிற் செய்து முடிக்கத்தக்க பணியே இது. சாரதிகளின் வயதை நோக்கின், இப்பணி பல ஆண்டு காத்திருக்கத்தக்கதன்று.

2017 யூலை 3ஆம் நாள் மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சார்ந்த 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்பட்டன. 27 ஆண்டுகளின் பின் மக்கள் திரும்பிச் சென்றபோது பல வீடுகள் இருந்த இடத்தில் அத்திவாரமே எஞ்சியிருந்தது. வீடுகளோடு அவற்றுள் இருந்த பத்திரங்களும் படங்களும் போயின. எழுத்துச் சான்று இவ்வாறு அருகிப்போன ஊர்களுக்கு, மக்களோடு வெளியேறிப் புழங்கிய பொருள்களே எஞ்சிய ஆவணங்களாகும். அத்தகைய பொருள்களுள் கார் ஒன்று. 1954இன் தோற்றத்துக்கு மீட்கப்பட்ட ஒரு சோமசெற் இங்கிலாந்தின் தொழிற்றிறனைக் காட்டும். அதன் ஆசனத்துத் தும்பும் பலகையடித் துளையும் பதிவுபெறின், அதே கார் வலிகாமம் வடக்கின் நாற்பதாண்டு வாழ்வையும் உடன் காட்டும். எதனை மீட்பது என்று துணியுமுன் என்ன இருக்கின்றது என்பதைப் படித்தறிதலே வரலாற்று நெறியாகும்.